11 கிலோ குறைந்தது, 8 கிலோ திரும்பி வந்தது: ஓர் எடைக் குறைப்பு மையத்தில் ஆறு மாதம்

மதுரையில் உள்ள ஓர் எடைக் குறைப்பு மையத்தில் 2023 பிப்ரவரி முதல் ஜூலை வரை ஆறு மாதப் பேக்கேஜில் இருந்தேன். கட்டணம் 28,000 ரூபாய். சேரும்போது என் எடை 84 கிலோ, முடிக்கும்போது 73 கிலோ. அப்போதே எழுதியிருந்தால் முழுமனதோடு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன். ஒன்றரை ஆண்டு கழித்து, எடை மறுபடி 81 கிலோவுக்கு வந்துவிட்ட நிலையில் எழுதுவதால், சேர நினைப்பவர்களுக்கு இந்தப் பதிவு இன்னும் பயன்படும் என்று நம்புகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அங்கிருந்த உணவியல் நிபுணர் தன் வேலையை அக்கறையோடு செய்தார். சோற்றை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை; ஒரு கரண்டி சோற்றுக்கு இரண்டு மடங்கு காய், கூடவே ஒரு கிண்ணம் பருப்போ இரண்டு முட்டையோ என்று, வீட்டுச் சமையலை வைத்தே திட்டம் போட்டுத் தந்தார். மூன்று வேளையும் தட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். ஒருநாள் காலை மூன்று இட்லியும் பொடியும் வைத்த தட்டை அனுப்பினேன். இட்லியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், பொடி மிதந்துகொண்டிருந்த நல்லெண்ணெயை வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினார். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி இருக்கிறது என்பதை நாற்பத்தாறு வயதில்தான் தெரிந்துகொண்டேன். அந்தப் பாடம் இன்றுவரை கைகொடுக்கிறது.

கட்டணத்தில் சேர்த்திருந்த அதிர்வு பெல்ட்டும் நீராவிக் குளியலும் எனக்குத் தேவையற்றவையாகவே பட்டன. நீராவியில் போவது வியர்வைதான். இரண்டு செம்பு தண்ணீர் குடித்தால் அந்த எடை திரும்பிவிடும். முதல் வாரத்திலேயே 3 கிலோ குறைந்ததைப் பலகையில் எழுதி எல்லாரும் கைதட்டினார்கள். உடல் சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும் என்பதையும், உணவைக் குறைத்ததும் முதலில் வெளியேறுவது பெரும்பாலும் அந்த நீர்தான் என்பதையும் அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால், நான்காம் மாதம் முழுக்க எடை நகராமல் நின்றபோது நான் அவ்வளவு கலங்கியிருக்க மாட்டேன்.

என் உண்மையான குறை பேக்கேஜ் முடிந்த பிறகு தொடங்குகிறது. ஜூலை 31-ஆம் தேதியோடு வாட்ஸ்அப் நின்றது. அதே அளவு சாப்பாட்டைத்தான் தொடர்ந்தேன், காலை நடையையும் விடவில்லை. ஆனால் இரவு ஒன்பது மணிக்குமேல் ஒரு பசி வரும். நாக்கு எதற்கோ ஏங்குகிற பசியன்று. வயிறு காந்தி, கை நடுங்கி, படுத்தாலும் தூக்கம் வராத பசி. மூன்று மாதம் தாக்குப்பிடித்தேன். பிறகு எடை மாதம் அரை கிலோ வீதம் ஏறத் தொடங்கியது. மையத்தை அழைத்துக் கேட்டபோது, “உங்களுக்கு மனக்கட்டுப்பாடு குறைந்துவிட்டது, மறுபடியும் சேருங்கள், பாதிக் கட்டணம்தான்” என்றார்கள். அந்தப் பதில் என்னைப் பல நாள் வாட்டியது.

அது தவறான பதில் என்பதை எங்கள் குடும்ப மருத்துவர்தான் விளக்கினார். கொழுப்பு என்பது வெறும் சேமிப்பன்று. 1994-இல் கண்டறியப்பட்ட லெப்டின் என்ற ஹார்மோனை அதுதான் சுரந்து, கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்குத் தெரிவிக்கிறது. கொழுப்பு கரைந்தால் லெப்டின் இறங்குகிறது, மூளை அதைப் பஞ்சமாக எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டுகிறது. ஆஸ்திரேலியாவில் 50 பேருக்குப் பத்து வாரம் கடுமையான உணவுக் கட்டுப்பாடு கொடுத்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், எடை குறைந்து ஓராண்டு ஆன பின்னும் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. உடல் செலவழிக்கும் ஆற்றலும் சுருங்குகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சி எடைக் குறைப்புப் போட்டி ஒன்றில் பங்கேற்ற 14 பேரை ஆறு ஆண்டு கழித்துச் சோதித்தபோது, அவர்களுடைய உடல் ஓய்வில் எரிக்கும் ஆற்றல், அந்த உடலளவுக்கு எதிர்பார்க்க வேண்டியதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்தது. போட்டியில் சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள், அதில் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அத்தனை பேருக்கும் மனக்கட்டுப்பாடு இல்லை என்றா சொல்வது?

ஆகவே இந்த மையம் விற்பது வேலையின் எளிய பாதியை மட்டுமே. எடை தூக்கும் பயிற்சி ஒரு நாள்கூட இல்லை. உணவு குறையும்போது கொழுப்போடு தசையும் கரையும் என்பதால் அது அவசியமாக இருந்திருக்க வேண்டும். குறைத்த எடையைக் காக்கப் புதிதாக எவ்வளவு சாப்பிட வேண்டும் என்ற கணக்கையும் யாரும் போட்டுத் தரவில்லை. அமெரிக்காவில் 1994 முதல், எடையைக் குறைத்துத் தக்கவைத்துக்கொண்டவர்களைத் தொடர்ந்து கவனித்துவரும் ஒரு பதிவேடு இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் நாளுக்கு ஒரு மணி நேர அளவுக்கு உடலுழைப்பையும், அடிக்கடி எடை பார்ப்பதையும் ஆண்டுக்கணக்கில் விடாமல் செய்பவர்கள். அப்படியென்றால் ஆறு மாதத்தில் கைகழுவும் திட்டம் எப்படிப் போதும்?

உணவியல் நிபுணருக்காக இரண்டரை நட்சத்திரம் தருகிறேன். நீங்கள் சேர்வதாக இருந்தால் பெல்ட்டும் நீராவியும் வேண்டாம் என்று சொல்லி, அந்தத் தொகைக்கு ஈடாக முடிந்த பின் ஓராண்டுக்கு மாதம் ஒருமுறை ஆலோசனை கேளுங்கள். பணம் கட்டும் முன்பே அதை ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.