ஸ்பிரிங்வேல் வியட்நாம் கடை: எந்த நேரத்தில் எதைக் கேட்கலாம்?

மெல்பர்னின் தென்கிழக்கே ஸ்பிரிங்வேலில், 1975-க்குப் பிறகு வந்து குடியேறிய வியட்நாமியர்களின் சாப்பாட்டுக் கடைகள் நிறைய. அதில் ஒரு சிறிய குடும்பக் கடையில் பல வருடம் தொடர்ந்து சாப்பிட்டுப் பார்த்து எழுதுவது இது. ஒரு நாள் அமிர்தம், மறுநாள் உப்புத் தண்ணீர் என்று பலர் சலித்துக்கொள்வது நியாயம்தான். ஆனால் இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பாதி கடிகாரத்தில், மீதி கிழமையில்.

ஃபோ என்பது வியட்நாமின் அரிசி நூடுல்ஸ் சூப். அதற்கு மாட்டின் கால் எலும்பையும் மூட்டெலும்பையும் ஒரு கொதி விட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி, எலும்பைக் கழுவி, புதுத் தண்ணீரில் 8 முதல் 12 மணி நேரம் சிறுதீயில் வைக்க வேண்டும். சுட்ட வெங்காயம், சுட்ட இஞ்சி, அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, கறுப்பு ஏலக்காய், தனியா எல்லாம் உள்ளே போகும். மீன் சாஸும் கற்கண்டும் சுவையைக் கூட்டும். வியட்நாமில் ஃபோ முதலில் காலைச் சாப்பாடு. இரவெல்லாம் வெந்த பானை விடியும்போது பதமாக இருக்கும். இந்தக் கடையிலும் திறந்ததிலிருந்து மதியம் 1 மணி வரை சூப் தெளிவாக, எலும்பின் இனிப்போடு இருக்கிறது. ஆறினால் உதட்டில் லேசாக ஒட்டும். அந்தப் பிசுக்கு இருந்தால் எலும்பு நன்றாக வெந்திருக்கிறது என்று நம்பலாம்.

சிக்கல் மதியக் கூட்டத்துக்குப் பிறகு. பாதியான பானையில் வெந்நீர் ஊற்றினால் சூப் நீர்த்துப்போகும். அதைச் சரிக்கட்டச் சர்க்கரையும் அஜினமோட்டோவும் ஏறும். ஊற்றாமல் அடுப்பிலேயே விட்டால் ராத்திரி 8 மணிக்கு வற்றி உப்புக் கரிக்கும். மசாலா மூட்டையை நேரத்துக்கு எடுக்காவிட்டால் அன்னாசிப்பூ தூக்கலாகி மருந்து வாடை வரும். மூன்றும் வெவ்வேறு தவறு, முதல் கரண்டியிலேயே பிரித்துச் சொல்லிவிடலாம். அதனால் இனிப்பான ஹாய்சின் சாஸையோ காரமான ஸ்ரீராச்சா சாஸையோ ஊற்றும் முன் வெறும் சூப்பைக் குடித்துப் பாருங்கள். உப்பு என்றால் தயங்காமல் சொல்லலாம். எலுமிச்சை பிழிந்து அதைச் சரிசெய்ய முடியாது.

மெல்லிய பச்சை மாட்டுக்கறித் துண்டுகள் போட்ட ஃபோ என்றால் கறியைத் தனித் தட்டில் கேளுங்கள். கிண்ணத்திலேயே வந்தால் மேசைக்கு வருவதற்குள் வெந்து விறைத்துவிடுகிறது. சூப் கொதிநிலையில் இல்லாத சாயங்காலங்களில் இதற்கு நேர்மாறாக, வேகாமல் சிவப்பாகவே கிடக்கிறது. அப்போது வெந்த நெஞ்சுக்கறி போட்டதுதான் பாதுகாப்பு. நூடுல்ஸ் கட்டியாக வந்தால் முன்பே வெந்து காத்திருந்தது என்று அர்த்தம், மாற்றித் தரச் சொல்லலாம்.

மாலையில் இங்கே போனால் சூப்பை விட்டுவிடுங்கள். எலுமிச்சைப்புல்லும் மீன் சாஸும் போட்டு ஊறவைத்துச் சுட்ட பன்றிக்கறி, அரிசி சேமியா, கீரை, வறுத்த கடலை எல்லாம் சேர்ந்த புன் தித் நுவோங் அந்த நேரத்தில்தான் நன்றாக இருக்கிறது. ஆர்டர் வரிசையாக வருவதால் சுடும் தட்டு ஆறுவதில்லை. கூட ஊற்றிக்கொள்ள வரும் நுவொக் சாம் சாஸ் மட்டும் சமையல்காரரைப் பொறுத்து மாறும். மீன் சாஸ், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை தலா ஒரு பங்குக்குத் தண்ணீர் 4 பங்கு என்பது ஏறக்குறைய சரியான அளவு. இங்கே சில நாள் சர்க்கரை இரட்டிப்பாகிறது. எலுமிச்சைத் துண்டு ஒன்று கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியிருக்கும் கோய் குவான் என்ற அரிசித் தாள் சுருளைத் தொடவேண்டாம். குளிரில் அரிசித் தாள் விறைத்து ரப்பராகிவிடும். சுருட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் மட்டும் வாங்குங்கள்.

இந்தக் கடையின் மிகச் சிறந்த பண்டம் புன் போ ஹுவே என்ற காரமான மாட்டுக்கறி நூடுல்ஸ் சூப். எலுமிச்சைப்புல், புளித்த இறால் விழுது, மிளகாய் எண்ணெய், தடித்த உருண்டை நூடுல்ஸ். சனி, ஞாயிறு மட்டும், ஒரே பானை, தீர்ந்தால் அவ்வளவுதான். நீர் ஊற்றி இழுக்க வழியில்லாததால் ஒருநாளும் ஏமாற்றியதில்லை. 12 மணிக்குள் போய்விடுங்கள்.

சைவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. காய்கறி ஃபோ என்று கேட்டால் எலும்புச் சூப்பிலேயே காயைப் போட்டுத் தரக்கூடும். “சாய்” (வியட்நாமியில் சைவம்) என்று கேட்டு, மீன் சாஸ் வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். சந்திர மாதத்தின் முதல் நாளும் பௌர்ணமியும் வியட்நாம் பௌத்தர்கள் பலர் சைவம் சாப்பிடும் நாட்கள். அன்று காளான், முள்ளங்கி போட்டுத் தனிச் சைவச் சூப்பே இங்கே கிடைக்கிறது.