வெள்வேல், வேலிமசால் விதை: பறிப்பதும் பத்திரப்படுத்துவதும், என் அனுபவம்

விதை முளைக்கவில்லை என்றால் எல்லோரும் முதலில் விதை வைத்த டப்பாவைத்தான் திட்டுவார்கள். மூலனூர் பக்கம் எங்கள் கொரங்காட்டுக்கு (மரமும் புல்லும் வளர்த்து ஆடு மாடு மேய்க்கிற காடு) பல வருஷமாகச் சொந்த விதைதான். நான் பார்த்தவரை பாதிக் காரியம் பறிக்கிற அன்றைக்கே முடிந்துவிடுகிறது.

வேலிமசால் என்கிற தீவனச் செடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே செடியில் பூ, பச்சைக்காய், பழுப்பேறிய காய் மூன்றும் நிற்கும். மொத்தமாக அறுத்தால் பச்சையும் சேர்ந்து வரும், எல்லாம் முற்றட்டும் என்று விட்டால் வெயிலில் வெடித்து விதை தரைக்குப் போய்விடும். காய் பழுப்பானதும் காலை ஈரம் காய்வதற்குள் விட்டு விட்டுப் பறிப்பதுதான் வழி, ஆள்கூலி இழுக்கத்தான் செய்யும். பச்சைக்காய் விதையை அந்த வாரமே போட்டால் சட்டென்று முளைக்கும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். தோல் இறுகாத விதை அது, காய்ந்தால் சுருங்கிப்போகும், அடுத்த பருவம் வரை தாங்காது.

முற்றிய விதையில் பிரச்சினை தலைகீழ். காயக் காயத் தோல் இறுகி உள்ளே தண்ணீரே போகாது. கொதித்த தண்ணீரை இறக்கி நாலு நிமிஷம் ஆறவிட்டு, 80 டிகிரி வாக்கில் விதையைப் போட்டு 5 நிமிஷத்தில் வடித்து நிழலில் உலர்த்துவேன். கொதிக்கக் கொதிக்கப் போட்டால் வெந்துபோகும். ஈரத்துணியில் முளைப்பு பார்க்கும்போது கல் மாதிரியே கிடக்கிற விதையைச் செத்தது என்று வீசிவிடாதீர்கள், பெரும்பாலும் அதற்குள் உயிர் இருக்கும். ஊதிக் கொழகொழத்துப் போனதுதான் செத்தது.

வெள்வேல் மரத்து விதைக்கும் தோல் கெட்டிதான் (ஆடு காயைத் தின்று புழுக்கையோடு போட்ட விதை பட்டி ஓரத்தில் தானாக முளைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்), ஆனால் அதற்குப் பெரிய எதிரி வண்டு. காய் மரத்தில் இருக்கும்போதே முட்டை வைத்துவிடும், நாம் டப்பாவில் போட்டு மூடிய பிறகு உள்ளிருந்து ஓட்டை போட்டு வெளியே வரும். அதனால் உதிர்ந்து வாரக்கணக்கில் கிடந்த காயை நான் விதைக்கு எடுப்பதில்லை. விதையைத் தண்ணீரில் கொட்டி மிதப்பதைத் தள்ளிவிட்டு, மீதியை உடனே நன்றாகக் காயவைத்து, கொஞ்சம் விதைதான் என்றால் ஒரு வாரம் ஃப்ரீசரில் வைப்பேன். வீட்டில் முணுமுணுப்பார்கள், சரி, வண்டு செத்துவிடும்.

சேமிப்புக்கு ஹாரிங்டன் என்ற விதை ஆராய்ச்சியாளர் சொன்ன கணக்கு போதும்: விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு, வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் அப்படியே. ஈரம் 5 முதல் 14 சதவீதத்துக்குள் இருந்தால்தான் இது பொருந்தும். சாக்கில் கட்டித் தகரக் கொட்டகையில் போட்டால் ஐப்பசி ஈரமும் சித்திரைச் சூடும் மாறி மாறி விதையைத் தின்றுவிடும். நன்றாகக் காய்ந்ததைக் காற்றுப் புகாத டப்பாவில் ஓட்டு வீட்டின் குளிர்ந்த மூலையில் வைக்கிறேன். காயாததை அப்படி மூடினால் பூஞ்சைதான்.

மேய்ச்சலுக்குப் போடுகிற கொழுக்கட்டைப்புல் மட்டும் இதில் சேராது. புது விதை உறங்கும், ஆறு மாதமாவது கிடந்த விதைதான் நன்றாக முளைக்கும். புதுசு என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள். எந்த விதை வாங்கினாலும் பாக்கெட்டில் உள்ள பேக்கிங் தேதியை விட்டுவிட்டு, எந்த மாதம் பறித்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் நான் வாங்குவதில்லை.