பழுப்பு நிறத் தம்ளர்: வடிகட்டி விற்க வீடு தேடி வருகிறவர்களிடம் எச்சரிக்கை

வீட்டுக் குழாய்த் தண்ணீரைத் தம்ளரில் பிடித்து, இரண்டு கம்பிகளை அதில் விட்டு, கண்ணெதிரே சாக்கடை நிறமாக்கிக் காட்டி, 1,980 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வடிகட்டி விற்கும் ஒரு கூட்டம் ஈசூன் வட்டார அடுக்குமாடி புளோக்குகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. எங்கள் வீட்டிலும் விற்றுவிட்டது. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. விவகாரம் இன்னும் முடியவில்லை என்பது ஒரு காரணம். பெயரால் பெரிய பயன் இல்லை என்பது இன்னொன்று: ரசீதில் ஒரு பெயர், சட்டையில் ஒரு பெயர், பெட்டியின் மேல் மூன்றாவதாக ஒரு பெயர். ஆளையும் பெயரையும் மாற்றிக்கொண்டு வருவார்கள், வித்தை மாறாது. அதனால் வித்தையைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலில், கதவு எப்படித் திறக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் அம்மா 1963, 64 தண்ணீர்ப் பங்கீட்டுக் காலத்தில் சிறுமி. பொதுக் குழாயடியில் வாளியோடு நின்றவர். குழாயைத் திருகினால் எந்நேரமும் தண்ணீர் வரும் வீட்டில் இத்தனை ஆண்டுகள் வாழ்ந்தும், இரவில் எவர்சில்வர் குடத்தையும் கூஜாக்களையும் மறுநாள் எங்கள் பைகளுக்குப் போகும் போத்தல்களையும் நிரப்பி வைக்காமல் படுக்க மாட்டார். நிரப்பியவற்றுக்கு மூடி போடுவதிலும் கறாரானவர். கொசு முட்டையிடும் இடங்களைத் தேடி தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் வீடு வீடாக வருவதும், வீட்டில் கொசுப்புழு கண்டால் 200 வெள்ளி அபராதம் என்பதும் இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆகவே கழுத்தில் அட்டையும் கையில் படிவமுமாக ஒருவர் வந்து தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்றால், இந்த ஊரில் பெரியவர்கள் இரும்புக் கதவைத் திறந்துவிடுவார்கள். அது ஏமாளித்தனமல்ல, பழக்கம்.

வந்தவர் தமிழர். "ஆன்ட்டி, தண்ணீர்த் தரப் பரிசோதனை. இந்த புளோக் முழுவதும் பார்த்துக்கொண்டு வருகிறோம்" என்றாராம். தண்ணீர் வழங்கும் பொதுப் பயனீட்டுக் கழகத்திலிருந்து வருகிறேன் என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கு மாட்டிக்கொள்வார். நீலச் சட்டை, அட்டை, படிவம் ஆகியவற்றைக் காட்டினால் போதும், மீதியை நாமே ஊகித்துக்கொள்வோம் என்பது அவர்கள் கணக்கு. உண்மையில், கழகம் யாருக்கும் வடிகட்டி விற்பதில்லை. அதன் பெயரைச் சொல்லி வருபவர்களைப் பற்றிப் பலமுறை எச்சரித்தும் இருக்கிறது.

இனி வித்தை. சாப்பாட்டு மேசையில் இரண்டு கண்ணாடித் தம்ளர்கள். ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர். மற்றதில் அவர் புட்டியில் கொண்டுவந்த, 'எங்கள் கருவியில் வடிகட்டிய' தண்ணீர். கைக்கு அடக்கமான ஒரு பெட்டி; அதன் அடியில் இரண்டு ஜோடிக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தம்ளர்களின் மேல் வைத்து, சோறாக்கும் மின்பானையின் பிளக்கைப் பிடுங்கி அந்த இடத்தில் செருகியிருக்கிறார். முதலில் குமிழ்கள். பிறகு எங்கள் தம்ளரில் மட்டும் பச்சையாக ஒரு கலங்கல், அப்படியே பழுப்பாகி, துணுக்குத் துணுக்காக மிதந்து, மேலே அழுக்கு நுரை கட்டியது. அவருடைய தம்ளர் பளிச்சென்று இருந்தது. "இதைத்தான் ஆன்ட்டி, தினமும் குடத்தில் நிரப்பிப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்கிறீர்கள்."

அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்ததல்ல, கம்பியில் இருந்தது. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு கம்பி இரும்பு. தண்ணீரில் மின்சாரம் ஓட வேண்டுமானால் அதில் சிறிதளவாவது உப்புகள் கரைந்திருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் கால்சியம் முதலான தாதுக்கள் இயல்பாகவே உண்டு. மின்சாரம் ஓடியதும் இரும்புக் கம்பி கரைந்து, முதலில் பச்சையாகவும் காற்றுப் பட்டதும் துருவின் நிறமாகவும் மாறுகிறது. அவர் கொண்டுவருவது காய்ச்சி வடித்த நீர், அல்லது தாதுக்கள் முழுவதும் நீக்கப்பட்ட நீர். அதில் மின்சாரம் கிட்டத்தட்ட ஓடவே ஓடாது, கம்பியும் கரையாது. பெட்டிக் கடையில் விலை கொடுத்து வாங்கும் தாது நீரை ஊற்றினாலும் இந்தக் கருவி அதைச் சாக்கடையாக்கிக் காட்டும். அவருடைய 'சுத்தமான' தம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டாலும் அதே கதிதான். சந்தேகம் தீர நீங்களே கம்பிகளை வைத்துச் செய்து பார்க்க வேண்டாம். சுவர் மின்சாரமும் தண்ணீரும் விளையாட்டல்ல.

இதோடு விட்டாரா? இன்னொரு தம்ளரில் ஏதோ திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார், தண்ணீர் மஞ்சளாயிற்று. "குளோரின்" என்றார். பிறகு அம்மாவிடமே ஒரு பிடி அரிசி வாங்கி, குழாய்த் தண்ணீரில் போட்டு அலசி, அரிசியை வடித்துவிட்டு, அந்தத் தண்ணீரில் சொட்டு விட்டார். மஞ்சள் வரவில்லை. "பார்த்தீர்களா, விஷம் முழுவதும் அரிசிக்குள் போய்விட்டது." அம்மா கலங்கியது இங்கேதான். கம்பி வித்தையைவிட இது கெட்டிக்காரத்தனமானது, ஏனென்றால் பாதி உண்மை. குழாய்த் தண்ணீரில் கிருமிநாசினி சிறிதளவு இருக்கத்தான் செய்கிறது. நிலையத்திலிருந்து நம் வீட்டுக் குழாய்வரை நெடுந்தூரம் வரும் வழியில் கிருமி சேராமல் இருக்க வேண்டுமென்றே விடப்படுவது அது. அரிசித் தவிடு, விரல், கீரை எது பட்டாலும் அதனோடு வினைபுரிந்து தீர்ந்துபோகும். தீர்ந்த பிறகு சொட்டு விட்டால் மஞ்சள் வராது. அரிசிக்குள் ஒளிந்துகொண்டிருக்கும் விஷம் என்று எதுவும் இல்லை.

மூன்றாவது அம்பு, மொட்டைமாடித் தொட்டி. 2011இல் உட்லண்ட்ஸ் அடுக்குமாடி ஒன்றின் தண்ணீர்த் தொட்டியில் ஒரு பெண்ணின் உடல் கண்டெடுக்கப்பட்ட செய்தியை அவர் கைப்பேசியில் தேடி எடுத்துக் காட்டியிருக்கிறார். எழுபதை நெருங்கும் ஒருவரிடம், வீட்டில் தனியாக இருக்கும்போது காட்ட வேண்டிய செய்தியா அது? தொட்டிகளை ஆண்டுதோறும் சோதித்துச் சுத்தம் செய்து சான்று பெற வேண்டும் என்பது விதி. பல புளோக்குகளில் கீழ்த்தளங்களுக்குத் தண்ணீர் தொட்டிக்கே ஏறாமல் நேரடியாக வருகிறது என்பதையும் அவர் சொல்லவில்லை. நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி.

அம்மா புதன்கிழமை 600 வெள்ளியை நெட்ஸ் வங்கி அட்டை வழியாகக் கட்டினார். மீதி 1,380 வெள்ளி, மாதம் 230 வீதம் ஆறு தவணை. வியாழக்கிழமை ஓர் இளைஞர் வந்து சமையலறைத் தொட்டிக்கு அடியில் கருவியைப் பொருத்திவிட்டுப் போனார்.

அன்றிரவு குடம் நிரம்பவில்லை. நிரம்பவில்லை என்றால், நிரம்பும் வரை நிற்க யாருக்கும் பொறுமை இல்லை. முன்பு குழாயைத் திறந்துவிட்டு மூடியைக் கழுவி முடிப்பதற்குள் விளிம்பைத் தொட்டுவிடும் குடம், தொலைக்காட்சித் தொடரின் விளம்பர இடைவேளை முடிந்து வந்து பார்த்தபோதும் பாதியில் நின்றது. பென்சில் பருமனில் ஒரு தாரை. வடிகட்டியின் வழி தண்ணீர் மெல்லத்தான் வரும், அது குறையல்ல. ஆனால் தினமும் இத்தனை பாத்திரம் நிரப்புகிற வீடு என்று தெரிந்தே விற்றவர், அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நான் கவலைப்பட்டது வேறு காரணத்துக்காக. கையேட்டைப் படித்தேன். உள்ளே இருந்தது கரியும் பீங்கானும்தான். கரி, குளோரின் வாடையை நீக்கும். அதாவது கிருமிநாசினியை நீக்கும். அப்படி நீக்கிய தண்ணீரைக் குடத்தில் ஊற்றி ராத்திரி முழுவதும் வைத்தால், நேராகக் குழாயில் பிடித்து மூடி வைத்த தண்ணீரைவிடச் சீக்கிரம் கிருமி பெருகும். கரிக்குழலைக் காலத்தில் மாற்றாவிட்டால் அதிலேயே கிருமி குடியேறும். மாற்றுக் குழல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 180 வெள்ளி என்று கடைசிப் பக்கத்தில், எறும்பு எழுத்தில் இருந்தது. பிடித்த உடனே குடித்துத் தீர்க்கும் வீட்டுக்கு வடிகட்டி அவரவர் விருப்பம். ஆனால் ஆரோக்கியத்துக்காக என்று சொல்லி, நிரப்பி வைத்துக் குடிக்கும் வீட்டில் இதை விற்பது தலைகீழ் வைத்தியம்.

வெள்ளிக்கிழமை இரவு, கருவிக்குப் போகும் குழாய் இணைப்பு கழன்றது. குடத்தை நிரப்ப அடம்பிடித்த தண்ணீர், தொட்டிக்கு அடியில் இருந்த அலமாரியைத் தாராளமாக நிரப்பியது. அரிசி மூட்டை ஊறிப்போனது. பலகை உப்பி, கதவு இன்றுவரை சரியாகச் சாத்தவில்லை. விற்கும்போது 'இருபத்து நான்கு மணி நேரமும்' என்று எழுதிக் கொடுத்த எண்ணில் யாரும் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு மக்சிக்கின், அதாவது மலாய் அம்மாவின், மகன் வந்து வால்வைத் திருகி நிறுத்தினான்.

சனிக்கிழமை மதியம் விற்பனையாளர் வந்தார். அவர் ஒழுகலைப் பார்க்க வரவில்லை. தவணைப் படிவத்தில் ஒரு கையெழுத்து விடுபட்டிருந்ததாம். உட்காரச் சொன்னேன். கம்பிப் பெட்டி பையில் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. அவர் புட்டியைத் திறக்கப் போனார். "அது வேண்டாம், நீங்கள் விற்ற கருவியின் தண்ணீரைச் சோதியுங்கள்" என்று, முன்பே புதுக் குழாயில் பிடித்து வைத்த தம்ளரை நகர்த்தி வைத்தேன். சற்று நேரம் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்று மின்கம்பி சரியில்லை என்றார். சரியாகத்தான் இருந்தது. செருகியதும் குமிழ், பச்சை, பழுப்பு, நுரை, எல்லாம் அதே வரிசையில். கரியும் பீங்கானும் தாதுக்களை எடுப்பதில்லை. கம்பி பிறகு எப்படிக் கரையாமல் இருக்கும்?

"புதுக் கருவி அல்லவா, இரண்டு வாரம் ஓடினால்தான் சுத்தமாகும்" என்றார்.

"அப்படியானால் அந்த இரண்டு வாரமும் நாங்கள் என்ன குடிப்பது?" என்று அம்மா கேட்டார். அதற்குப் பதில் இல்லை. படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஒப்பந்தத்தை ரத்துசெய்ய வேண்டும் என்றதற்கு மட்டும் பதில் தயாராக இருந்தது: பொருத்திவிட்டால் ரத்துசெய்ய முடியாது.

இது பொய். பயனீட்டாளர் பாதுகாப்பு நியாய வர்த்தகச் சட்டத்தின் கீழ் 2009இல் வந்த விதிகள்படி, நாம் அழைக்காமல் வீடு தேடி வந்து விற்கப்பட்ட பொருளை ஐந்து நாட்களுக்குள் வேண்டாம் என்று சொல்லலாம். சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்கள் கணக்கில் சேரா. அந்த உரிமை நமக்கு உண்டு என்று விற்பவரே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எங்களுக்குத் தந்த தாள்களில் அப்படி ஒரு வரிகூட இல்லை. வாயால் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், எழுதி அனுப்புங்கள். நான் திங்கட்கிழமை பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பினேன். தம்ளரின் படம், கருவியின் படம், ஊறிய அலமாரியின் படம் மூன்றையும் இணைத்தேன். பிறகு சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்தேன். சங்கத்தின் கடிதம் போன பிறகுதான் அந்த எண்ணில் மனிதக் குரல் கேட்டது.

தவணை ரத்தானது. 600 வெள்ளியில் 300 திரும்ப வந்தது. மீதி 300 'பொருத்துக் கூலி'யாம். கழன்று விழுந்த இணைப்புக்கு!

உங்கள் வீட்டில் யாராவது தண்ணீர்ச் சோதனை என்று மணியடித்தால், அட்டையை வாங்கி எந்த அலுவலகம் என்று படியுங்கள். கதவைத் திறக்காமலே பொதுப் பயனீட்டுக் கழகத்துக்குத் தொலைபேசியில் கேளுங்கள். பெற்றோர் பகலில் தனியாக இருந்தால் இந்தக் கம்பி வித்தையை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எங்கள் அம்மாவுக்குத் தெரிந்திருந்தால், அவரே அந்தத் தம்ளரில் உப்பைப் போட்டிருப்பார். இன்னொரு கணக்கும் சொல்லி வையுங்கள்: 2025 ஏப்ரல் முதல் வீட்டுத் தண்ணீர், தண்ணீர் வரியும் கட்டணமும் சேர்த்து, ஜிஎஸ்டி நீங்கலாக, ஆயிரம் லிட்டர் 3.24 வெள்ளி. ஒன்றரை லிட்டர்ப் போத்தலை நிரப்ப ஏறக்குறைய அரைக் காசுதான் ஆகும். அப்படியே குடிக்கலாம். வாடை பிடிக்காவிட்டால் காய்ச்சி ஆறவைத்துக் குடியுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் ரசீதையும் பெட்டியையும் தூக்கி எறியாதீர்கள். ஐந்து நாட்கள் கடந்திருந்தாலும், பொய் சொல்லி விற்றதற்காக இரண்டு ஆண்டுகளுக்குள் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 20,000 வெள்ளிவரை அங்கே கேட்கலாம். வழக்கறிஞர் வைக்க அனுமதி இல்லை என்பதால் அந்தச் செலவும் இல்லை. 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டுவது 10 வெள்ளி.

நான் அந்த 10 வெள்ளியைக் கட்டிவிட்டேன். கூலி 300, அதோடு அலமாரிக் கதவுக்கும் அரிசிக்கும் சேர்த்துக் கேட்டிருக்கிறேன். விசாரணைக்கு வரும்போது அந்தக் கம்பிப் பெட்டியையும் எடுத்து வரச் சொல்லி அவர்களுக்கு எழுதியிருக்கிறேன். தண்ணீரை நான் கொண்டு போகிறேன்.