அமோர்கோஸில் ஒரு நாள் நடை: நீண்ட வழியா, சுற்று வழியா?

கிரேக்கத்தின் அமோர்கோஸ் தீவில், தோழியோடு நடக்க ஒரே ஒரு நாள் கிடைத்தால் இரண்டு வழிகளில் எதைப் பிடிப்பது?

முதலாவது, கோரா ஊரிலிருந்து எகியாலிக்குப் போகும் பழைய கழுதைப் பாதை. சுமார் 14 கிலோமீட்டர், நான்கைந்து மணி நேரம். ஆரம்பத்திலேயே ஹோசோவியோடிஸா மடாலயம் வந்துவிடும். 1088-இல் பேரரசர் முதலாம் அலெக்சியோஸ் கொம்னெனோஸ் ஆதரவில் எழுந்தது. கடலுக்கு மேலே செங்குத்துப் பாறையில் ஒட்டவைத்தது போல் ஒரு வெள்ளைச் சுவர். உள்ளே போக முழுக்கால் சட்டையோ நீளப் பாவாடையோ வேண்டும். மூச்சு வாங்க ஏறிப் போனால் தேனும் பட்டையும் போட்ட ராக்கி என்ற உள்ளூர் மது ஒரு சின்னக் கோப்பையில் வரும். அப்புறம் மலை முதுகிலேயே நடை. ஆடுகளின் மணிச்சத்தம், காட்டு மூலிகை வாசம், இரு பக்கமும் கடல். நிழல் மட்டும் கேட்காதீர்கள். வழியில் கடையும் கிடையாது, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது சுமக்க வேண்டும்.

இரண்டாவது, எகியாலி துறைமுகத்திலிருந்து தோலாரியா, லங்காதா வழியாக ஒரு சுற்று. மூன்று மணி நேரம் போதும். இரண்டு ஊரிலும் சாப்பிடலாம், உட்கார்ந்து கதை பேசலாம். கடைசியில் கடலில் ஒரு குளியல். காட்சி அவ்வளவு மிரட்டாது, சரி.

ஏப்ரல், மே என்றால் நான் யோசிக்காமல் முதல் வழிதான். திரும்ப எகியாலியிலிருந்து பேருந்து உண்டு. நேரத்தை முந்தின நாளே கேட்டுவையுங்கள். ஆகஸ்ட் வெயிலில் சுற்று வழி, அதுவும் காலையிலேயே.