சைக்கிளுக்குப் பின்விளக்கு: கடையில் வாங்குவதா, கையால் செய்வதா?

கிண்டியில் வேலை முடிந்து மேடவாக்கத்துக்கு இரவில் சைக்கிளில் திரும்புகிறவன் என்ற முறையில், கடந்த நான்கு ஆண்டுகளில் மூன்று விதமான பின்விளக்குகளை மாட்டிப் பார்த்துவிட்டேன். முதலாவது, காசு வடிவ பேட்டரியில் எரியும் சிறிய சிமிட்டு விளக்கு. இரண்டாவது, யூஎஸ்பி வயரில் சார்ஜ் ஏற்றும் விளக்கு. மூன்றாவது, நானே சால்டரிங் செய்து கட்டிய எல்.இ.டி. விளக்கு. பத்து மாதங்களாகக் கேரியரின் அடியில் இருப்பது மூன்றாவதுதான் என்பதால், என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைப்பதில் பொருளில்லை.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை மூன்றுமே இருட்டில் தெரியும். எடையில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. மட்கார்டில் ஒட்டப்பட்டுவரும் சிவப்பு ரிஃப்ளெக்டர் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லலாம்: பின்னால் வரும் வண்டியின் முகப்பு விளக்கு எரிந்து, அதன் ஒளி நேராக அதன்மேல் விழுந்தால்தான் அது தெரியும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய சாலையில் முகப்பு விளக்கில்லாமல் வரும் வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

காசு பேட்டரி விளக்கை விரைவாகவே தள்ளிவிடலாம். சிஆர் 2032 எனப்படும் அந்த 3 வோல்ட் பேட்டரியில் ஏறக்குறைய 220 மில்லி ஆம்பியர்-மணி (220 மில்லி ஆம்பியர் மின்சாரத்தை ஒரு மணி நேரம் தரும் அளவு) கொள்ளளவுதான் உண்டு. அதுவும் கடிகாரம், ரிமோட் போன்றவற்றுக்குச் சிறுகச் சிறுக மின்சாரம் தருவதற்காக அமைந்தது. எல்.இ.டி.க்குத் தேவையான அளவை அதிலிருந்து இழுத்தால், முதல் சில இரவுகளுக்குப் பிறகு வெளிச்சம் மங்கத் தொடங்கி, முற்றிலும் அணைவதற்கு வெகு முன்பே பயனற்றதாகிவிடுகிறது. மறுபடி சார்ஜ் செய்யவும் முடியாது. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அந்தப் பேட்டரிகள் உதிரியாகக் கிடப்பது ஆபத்து என்பதும் ஒரு காரணம்.

யூஎஸ்பி விளக்கு அப்படியல்ல. வாங்கிய ஓராண்டு வரை எனக்கு அதில் குறையே தெரியவில்லை. மூன்றிலும் அதுவே பிரகாசமானது, மழைநீரைச் சிறப்பாகத் தடுத்ததும் அதுவே. இரண்டாம் ஆண்டில் சார்ஜ் துளையை மூடும் ரப்பர் கிழிந்தது. ஒருமுறை ஏற்றிய சார்ஜ் நான்கு இரவுகள் வந்தது போய் இரண்டானது, பிறகு வீடு வந்து சேர்வதற்குள்ளேயே அணைந்தது. லித்தியம் பேட்டரி எதுவானாலும் காலப்போக்கில் கொள்ளளவை இழக்கும், வெப்பம் அதை விரைவுபடுத்தும். மே மாத வெயிலில் நாள் முழுவதும் சைக்கிளோடு சேர்ந்து காய்ந்த விளக்கைக் குறைசொல்லிப் பயனில்லை. ஆனால் அதைத் திறந்து பேட்டரியை மட்டும் மாற்றலாம் என்று முயன்றபோதுதான், அதில் ஒரு ஸ்க்ரூகூட இல்லை, மூடி முழுவதும் ஒட்டப்பட்டிருக்கிறது என்பது தெரிந்தது. பிளேடால் நெம்பியதில் கூடு உடைந்தது. உள்ளே போர்டோடு சால்டரிங் செய்யப்பட்டிருந்த அந்த அளவுப் பேட்டரி, சென்னையின் எலெக்ட்ரானிக் பொருள் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் நான் விசாரித்த கடைகளில் கிடைக்கவில்லை. மற்றெல்லாப் பாகங்களும் நன்றாக இருக்க, பேட்டரி ஒன்றுக்காக விளக்கையே தூக்கியெறிய வேண்டியதாயிற்று.

சொந்தமாகச் செய்வது என்று முடிவெடுத்தபோது, பேட்டரியை முதலில் தீர்மானித்துவிட்டு மற்றதை அதற்கேற்ப அமைத்தேன். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் ஏஏ அளவில், மறுபடி சார்ஜ் செய்யத்தக்க நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிகள் மூன்று. இரண்டு போதாதா என்ற கேள்வி எழும். ஒரு சிவப்பு எல்.இ.டி. எரிய ஏறத்தாழ 2 வோல்ட் வேண்டும். இத்தகைய பேட்டரி ஒன்று 1.2 வோல்ட் தருவதால் இரண்டும் சேர்ந்து 2.4 வோல்ட்தான் வரும். மிஞ்சுகிற 0.4 வோல்ட் மிகக் குறைவு என்பதால், பேட்டரி சற்றுத் தளர்ந்தாலும் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். மூன்று போட்டால் 3.6 வோல்ட் கிடைத்து வெளிச்சம் ஓரளவு நிலையாக இருக்கிறது.

விளக்கிலுள்ள ஐந்து எல்.இ.டி.களுக்கும் தனித்தனியே, மின்சாரத்தை மட்டுப்படுத்தும் 100 ஓம் ரெசிஸ்டர், அதாவது பழுப்பு, கருப்பு, பழுப்பு வளையமுள்ளது, போட்டிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போடுவது எளிதாகத் தோன்றினாலும், ஒரே பாக்கெட்டில் வரும் எல்.இ.டி.கள்கூடச் சிறிது வேறுபடுவதால் ஒன்று அதிக மின்சாரத்தை இழுத்துக்கொள்ளும், மற்றவை மங்கும். கணக்குப்படி ஒன்றுக்கு 20 மில்லி ஆம்பியர் கொடுக்க 82 ஓம் பொருத்தமாக இருந்திருக்கும். நான் 100 ஓம் தேர்ந்தெடுத்து 16 மில்லி ஆம்பியரோடு நிறுத்திக்கொண்டதற்குக் காரணம் உண்டு: சார்ஜ் ஏற்ற மறந்த நாளில் வழியிலுள்ள பெட்டிக்கடையில் சாதாரண 1.5 வோல்ட் பேட்டரி மூன்று வாங்கிப் போட்டாலும், 4.5 வோல்ட்டில் 25 மில்லி ஆம்பியரைத் தாண்டாது, எல்.இ.டி. கருகாது. இதுவரை இரண்டு முறை அந்த ஏற்பாடு என்னை இருட்டிலிருந்து காப்பாற்றியிருக்கிறது.

சிமிட்டலுக்கு எல்லோரும் சொல்லும் 555 டைமர் என்ற சிப்பில்தான் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கினேன். வழக்கமான என்இ 555 குறைந்தது 4.5 வோல்ட் கேட்கும், 3.6 வோல்ட்டில் அது நம்பத்தக்கதல்ல. 2 வோல்ட்டிலேயே இயங்கும் டிஎல்சி 555 வகை வாங்கி வந்த பிறகுதான் வேலை நடந்தது. அதன் வெளியீட்டில் எல்.இ.டி.களை நேரடியாகத் தொங்கவிடாமல் இடையில் சுவிட்ச்போல வேலை செய்யும் 2என்2222 டிரான்சிஸ்டர் வைத்தேன். கையிலிருந்த பிசி547 டிரான்சிஸ்டரின் வரம்பு 100 மில்லி ஆம்பியர்தான், புதிய பேட்டரி போட்டால் ஐந்து எல்.இ.டி.யும் சேர்ந்து அதைத் தாண்டிவிடும். டைமரோடு 10 கிலோ ஓம், 33 கிலோ ஓம் ரெசிஸ்டர்களும் 10 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரும் போட்டதில் வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு முறை சிமிட்டுகிறது. பிரிட்டனில் 2005 முதல் நிமிடத்துக்கு 60 முதல் 240 வரை சிமிட்டும் சைக்கிள் விளக்கை அனுமதித்திருக்கிறார்கள், ஜெர்மனியிலோ சைக்கிளில் சிமிட்டு விளக்கே கூடாது. சிமிட்டல் கண்ணை ஈர்க்கும், ஆனால் தூரத்தை மதிப்பிட நிலையான ஒளியே உதவும் என்பதால், இரண்டுக்கும் மாற்றிக்கொள்ள ஒரு சுவிட்ச் வைத்துக்கொண்டேன்.

2000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியில் தொடர்ந்து எரியவிட்டால் 25 மணி நேரம், சிமிட்டவிட்டால் 40 மணி நேரத்துக்கு மேல் என்பது கணக்கு. தினம் ஒரு மணி நேரப் பயணத்துக்கு மாதம் ஒருமுறை சார்ஜ் செய்தால் போதுமானதாக இருக்கிறது. எனக்கு முடிவைத் தீர்மானித்துத் தந்தது இந்தக் கணக்கைவிட, பேட்டரி ஓய்ந்துபோகும் நாளில் நடக்கப்போவதுதான்: மூடியைக் கழற்றி வேறு மூன்றைப் போடுவேன், அவ்வளவே. எல்.இ.டி. ஒன்று போனால் சில ரூபாயில் மாற்றலாம், சுவிட்ச் போனாலும் அப்படியே.

குறைகள் இல்லாமலில்லை. மேடுபள்ளங்களில் பேட்டரி ஹோல்டரின் ஸ்ப்ரிங் விலகி விளக்கு அணைவது ஆரம்பத்தில் பெரும் தொல்லையாக இருந்தது. டியூப் ரப்பரை மடித்துப் பேட்டரிகளுக்கும் மூடிக்கும் இடையில் திணித்த பிறகு நின்றது. பெட்டியின் விளிம்புகளை அடைக்க முதலில் வாங்கிய சிலிக்கோன் பசை, காயும்போது வினிகர் வாடை வீசும் வகை. அது வெளியிடும் அமிலம் செம்பை அரிக்கும் என்பதால், வாடையில்லாத வகையே எலெக்ட்ரானிக் வேலைக்கு ஏற்றது. கண்ணாடிபோல் தெளிவான எல்.இ.டி.களின் ஒளி குறுகிய கோணத்திலேயே பாய்வதால், பக்கவாட்டிலிருந்து தெரிவதற்காக இரண்டின் முனையை உப்புத்தாளால் தேய்த்து மங்கலாக்கினேன். செலவிலும் மிச்சமில்லை: பேட்டரிகளும் அவற்றுக்கான சார்ஜரும் சேர்ந்து யூஎஸ்பி விளக்கின் விலையைத் தாண்டிவிட்டன. என் விளக்கு ஒரே ஒரு வடகிழக்குப் பருவமழையைத்தான் கண்டிருக்கிறது என்பதால், நீர்த்தடுப்பில் யூஎஸ்பி விளக்குக்கு நிகர் என்று இப்போதே அடித்துச் சொல்லமாட்டேன்.

டைனமோவை இந்த ஒப்பீட்டில் சேர்க்காததற்குக் காரணம், சிறுவயதில் அப்பாவின் சைக்கிளில் டயரோடு உரசிச் சுழன்ற அந்த 6 வோல்ட் குப்பி டைனமோவுக்குப் பிறகு நான் எதையும் பயன்படுத்தாததே. பேட்டரிக் கவலை அதில் இல்லை. ஆனால் சிக்னலில் நின்றதும் விளக்கு அணைந்துவிடும், பின்விளக்கு மிகவும் தேவைப்படுவதோ அப்போதுதான்.

சால்டரிங் இரும்பைத் தொட்டே பழக்கமில்லாதவர் கடையில் வாங்குவதே நல்லது. அப்படி வாங்கும்போது எத்தனை விதமாகச் சிமிட்டுகிறது என்று பொத்தானை அழுத்திப் பார்ப்பதற்கு முன்பு, விளக்கைத் திருப்பி அதன் பின்புறத்தில் ஸ்க்ரூ ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.