உத்தியோகத்தை விட்டு உளவளத்துணைக்கு: யாழ்ப்பாணத்தில் எந்த வழி?

காப்புறுதி நிறுவனத்தில் மாத இலக்கைத் துரத்திக்கொண்டிருந்தபோதே, மனம் நொந்தவர்களோடு இருக்கும் தொழில்தான் எனக்கு என்று தீர்மானித்துவிட்டேன். அதில் ஆன்மிகத்துக்கும் இடம் வேண்டும். எந்த வழியால் போவது என்பதில்தான் இழுபறி.

இதை ஊரில் சொன்னால் உடனே வரும் பதில், "யோகர் சுவாமியும் உத்தியோகத்தை உதறியவர்தானே" என்பது. உண்மைதான். யாழ்ப்பாணத்துச் சித்தரான அவர், கிளிநொச்சியில் நீர்ப்பாசனத் திணைக்களக் களஞ்சியத்தைப் பார்த்தவர்; பிறகு நல்லூர்த் தேரடிச் செல்லப்பா சுவாமியைக் குருவாகக் கொண்டு அவரிடம் போய்ச் சேர்ந்தார். ஆனால் அவருக்குப் பிள்ளைகளின் ரியூசன் காசு கட்டும் தேவை இருக்கவில்லை. எங்களுக்கோ, சம்பளத்தில் பிடித்துச் சேரும் ஊழியர் சேமலாப நிதியில் கை வைக்கச் சாதாரணமாக ஆணுக்கு 55 வயது ஆகவேண்டும், பெண்ணுக்கு 50.

கைதடியில் சித்த மருத்துவப் பட்டம் படிக்கலாம். உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்த இளம்பிள்ளைகளுக்கு அது நல்ல வழி, நடுவயதுக்காரருக்கு அல்ல. இணையத்தில் ஒரு வார இறுதியில் கிடைக்கும் 'ஆன்மிகச் சிகிச்சையாளர்' சான்றிதழ் சுவருக்கு அழகு, அவ்வளவுதான்.

உண்மையான போட்டி யோகா, தியான வழிக்கும் முறையான உளவளத்துணை (கவுன்சலிங்) பயிற்சிக்கும் இடையில்தான்.

யோகா வழிக்கு இந்த ஊரில் பெரிய அனுகூலம் ஒன்று உண்டு. உளவளத்துணை நிலையத்தின் வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றால், பொழுதுபடுவதற்குள் அது யாருடையது என்று ஒழுங்கை முழுவதும் தெரிந்துவிடும். "யோகாவுக்குப் போகிறேன்" என்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மருத்துவ உலகமும் தியானத்தை ஒதுக்கவில்லை: 1979இல் ஜொன் கபாட்-சின் மசாசுசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய, மன அழுத்தத்தைக் குறைக்கும் எட்டு வாரப் பயிற்சி பௌத்த தியானத்திலிருந்து பிறந்ததுதான். ஆனால் ஷெல் விழுந்த வீட்டிலிருந்து தப்பி வந்தவருக்குக் கண்ணை மூடினால் அதே வீடு திரும்ப வரக்கூடும். அவர் வியர்த்து நடுங்கும்போது, ஆசனம் மட்டும் கற்ற ஆசிரியர் "மூச்சைக் கவனியுங்கள்" என்பார். உண்மையில் கண்ணைத் திறக்கச் சொல்லவேண்டிய நேரம் அது.

உளவளத்துணைப் பயிற்சி வறண்டது. புத்திமதி சொல்லாதே, உன் கடவுளை நடுவில் கொண்டுவராதே என்றே முதலில் பழக்குவார்கள். என் போன்றவருக்கு அது கசக்கும். அதன் அருமை தெரிவது காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீடுகளில்தான். கணவர் திரும்பவில்லை, பொட்டை அழிக்க மனைவிக்கு மனமில்லை. சாகாதவருக்கு எப்படி அந்தியேட்டி (இறந்தவருக்கான கிரியை) செய்வது என்று அவர் கேட்கிறார். சொந்தக்காரரோ, கீரிமலைக் கடற்கரைக்குப் போய்ப் பிதிர்க்கடனைக் கழி என்கிறார்கள். ஆன்மிக வழிகாட்டி என்று போனவர் ஏதாவது ஒரு பக்கம் தீர்ப்புச் சொல்லியே ஆகவேண்டும். அமெரிக்கக் குடும்ப சிகிச்சையாளர் போலின் பாஸ் இத்தகைய இழப்பைத் தனி வகையாகவே பிரித்துக் காட்டினார்: உடலும் இல்லை, முடிவும் இல்லை, துக்கம் நடுவழியில் நிற்கிறது. இதைக் கற்றவர் அந்தப் பெண்ணை அவசரப்படுத்தமாட்டார். ஆடி அமாவாசையன்று அவராகவே கீரிமலைக்குப் போக விரும்பினால் தடுக்கவும்மாட்டார்.

ஆகவே நான் உளவளத்துணையையே முதலில் தெரிவுசெய்தேன், யோகா பிறகு. ஆன்மிகம் வருபவரின் பக்கத்திலிருந்து வரட்டும். குருநகரிலிருந்து செபமாலையோடு வருபவரும், நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் விரதம் இருப்பவரும் ஒரே கதிரையில் இருக்கவேண்டும் என்பதால் என் அறையில் சாமிப்படம் இல்லை. குரல்கள் கேட்கின்றன, சாகவேண்டும்போல் இருக்கிறது என்பவரை யாழ் போதனா வைத்தியசாலைக்கோ தெல்லிப்பழை மனநலப் பிரிவுக்கோ அனுப்பத் தெரிந்திருப்பதும் இந்தப் பயிற்சியில்தான் வருகிறது. சம்பளத்தை உடனே விடவேண்டியதில்லை. அனுபவசாலி ஒருவரின் மேற்பார்வையில் சனி, ஞாயிறுகளில் தொடங்கலாம்.