பதிவு எண் கிடைத்தது, வழி? கட்டடக்கலை அமைப்புகள் மூன்றைப் பற்றி ஒரு மதிப்பீடு

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவில் வீடு கட்ட நினைப்பவர் முதலில் மேஸ்திரியிடம்தான் பேசுவார். பிளான் போடுவதற்கு ஆள் தேடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஐந்தாண்டு கட்டடக்கலைப் பட்டப்படிப்பான பி.ஆர்க். படித்து, ஆர்க்கிடெக்ட் என்று முறைப்படி பதிவும் பெற்ற என்னை அக்கம்பக்கத்தார் இன்றைக்கும் ‘இன்ஜினியர் பொண்ணு’ என்றே அழைக்கிறார்கள். குடும்பத்தில் முன்பு யாரும் இல்லாத இத்தொழிலுக்குள் நுழைந்தவள் என்ற முறையில், படிப்புக்கும் பதிவுக்கும் முதல் வேலைக்கும் துணை என்று சொல்லப்படும் மூன்று அமைப்புகள் எனக்கு எவ்வளவு பயன்பட்டன என்பதை இங்கே எழுதுகிறேன்.

தவிர்க்க முடியாதது கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர். 1972ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி அமைந்த இதுவே கல்லூரிகளுக்கான குறைந்தபட்சத் தரத்தை வகுக்கிறது. 2006 முதல், கட்டடக்கலைப் படிப்பில் சேருவதற்கான நாட்டா நுழைவுத் தேர்வை நடத்துகிறது. பட்டம் பெற்றவர்களின் பதிவேட்டையும் வைத்திருக்கிறது. விண்ணப்பம் இணையவழியாகவே முடிந்துவிடுகிறது, தனித் தேர்வு எதுவும் கிடையாது. அமெரிக்காவில் உரிமம் பெற 3,740 மணி நேர அனுபவத்தைப் பதிவு செய்வதோடு ஆறு பகுதிகள் கொண்ட தேர்வையும் எழுத வேண்டும் என்று அறிந்தபோது, அந்தச் செலவும் காலமும் நமக்கு மிச்சம் என்றுதான் முதலில் மகிழ்ந்தேன்.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. பயிற்சி செமஸ்டரை நான் கழித்த அலுவலகத்தில், உதவித்தொகை ஏதுமின்றி, மாதக்கணக்கில் கதவு ஜன்னல் அட்டவணை மட்டுமே வரைந்தேன். கட்டுமான இடத்துக்கு ஒருநாள்கூட அழைத்துப் போகவில்லை. கல்லூரிக்குக் கொடுத்த பயிற்சி அறிக்கையில் அவர்களுடைய கையொப்பம் ஒழுங்காக இருந்தது, நான் செங்கல்லையே பார்க்கவில்லை என்பதை எழுதத்தான் அதில் இடமில்லை. அமெரிக்க முறையிலோ அந்த மணி நேரங்கள் ஆறு துறைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. கட்டுமானக் கட்டமும் அவற்றுள் ஒன்று என்பதால், வரைபட மேசையிலேயே உட்கார்ந்து கணக்கை முடித்துவிட முடியாது. மேற்பார்வையாளரும் ஒப்புதல் தர வேண்டும். தேர்வு நமக்கு வேண்டாம், ஆனால் அந்தக் கணக்கேட்டையாவது நம் கவுன்சில் கொண்டு வரலாம் என்பது என் கருத்து.

பதிவு தரும் பாதுகாப்பும் பலர் நினைப்பதைவிடக் குறுகியது. பதிவு செய்யாதவர் ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பட்டப்பெயரைப் பயன்படுத்துவதைத்தான் சட்டத்தின் 37ஆம் பிரிவு தடுக்கிறது, அத்தகைய வேலையைச் செய்வதைத் தடுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவுபடுத்தியது. முதல் முறை மீறினால் அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய் என்று அச்சட்டம் சொல்கிறது. இன்றைக்கு அந்தத் தொகைக்கு இரண்டு மூட்டை சிமெண்ட் வாங்க முடியுமா என்பது சந்தேகமே.

கொடுத்ததற்கு மேல் எனக்குத் திருப்பித் தந்தது நாசா இந்தியாதான். ராக்கெட் விடும் நாசா என்று என் அப்பா நெடுநாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். இது 1957 முதல் இயங்கிவரும் கட்டடக்கலை மாணவர் சங்கம். பழைய கட்டடங்களை ஆவணப்படுத்துவதற்காக அது நடத்தும் லூயி கான் கோப்பைப் போட்டிக்காக, ஜார்ஜ் டவுன் சந்து ஒன்றில் இருந்த வீட்டை எங்கள் குழு டேப் பிடித்து அளந்தது. தேக்குச் சட்டங்களின் மேல் சிறு செங்கற்களைக் குத்துவாட்டில், மூலைவாக்கில் அடுக்கிச் சுண்ணாம்பில் பிணைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துப் போடும் மெட்ராஸ் டெரஸ் கூரையை வகுப்பில் படமாகப் பார்த்திருந்தேன். ஒழுகிக்கொண்டிருந்த மூலையில், காரை உதிர்ந்த இடத்தில் அண்ணாந்து பார்த்த பிறகே அது எப்படி நிற்கிறது என்பது விளங்கியது. பரிசு கிடைக்கவில்லை. அங்கே பழகிய வேறொரு கல்லூரி அக்கா சொல்லித்தான் என் முதல் வேலை அமைந்தது.

இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஆர்க்கிடெக்ட்ஸ் 1917இல் பம்பாயில் ஒரு மாணவர் சங்கமாகப் பிறந்து, 1929இல் இப்போதைய பெயரைப் பெற்றது. இதில் சேருவது நம் விருப்பம். இதழும் கருத்தரங்குகளும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் சொந்த அலுவலகம் தொடங்கும் எண்ணம் உள்ளவருக்கே அவை முழுப் பயன் தரும் என்பதால், முதல் சம்பளத்திலேயே சேர வேண்டியதில்லை.

ஐந்துக்கு மதிப்பெண் போடுவதென்றால் கவுன்சிலுக்கு மூன்று, நாசாவுக்கு நாலரை, இன்ஸ்டிடியூட்டுக்கு மூன்று. பட்டம் வாங்கியவர்கள் பதிவைத் தள்ளிப்போட வேண்டாம்; பதிவு எண் வந்ததும் புதுப்பிக்க வேண்டிய தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள், ஏனென்றால் பதிவேட்டிலிருந்து பெயர் நீங்கிவிட்டால் வாசலில் மாட்டிய பலகையையும் கழற்ற வேண்டியிருக்கும்.